வெளிச்சத்தைப் பார்க்காதீங்க தம்பி

முந்தின வருடம் ஐப்பசி அடைமழையில், சாப்பாட்டுக்கு என்று குறுவையில் எடுத்து வைத்திருந்த நெல் மூட்டைகளில் அடியில் கிடந்த இரண்டு முளைவிட்டுப் போயின. கீழே பலகை போட்டுத்தான் அடுக்கியிருந்தோம். ஆனால் நீடாமங்கலம் பக்கத்துக் களிமண் தரையோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், மழைக்காலத்தில் தரையே வியர்க்கும், பலகை அந்த ஈரத்தைக் குடித்து மூட்டைக்கு ஏற்றிவிடும். அம்மா அந்த முளைநெல்லை மாட்டுக்குக் கொட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு ஒன்று இருந்திருந்தால் அந்த நெல் பிழைத்திருக்கும். அதை நானே செய்ய வேண்டும் என்று ஏன் தோன்றியது என்றால், சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வெல்டிங் பட்டறை வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு எதிர்ச்சுவரில் விழும் நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அந்த ஆசை முப்பது வருடமாக உள்ளேயே கிடந்திருக்கிறது.

நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். இரும்பு வேலைக்கும் எனக்கும் அதற்கு முன் ஒரு தொடர்பும் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்களைத் தானே செய்துகொள்ள நினைக்கிற என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிலாகப் பழகுகிறவர்களுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது, பட்டறை இருக்கிறது, அவர்கள் போகும் பாதை வேறு.

கோரையாற்றங்கரையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போய்க் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு விவசாயத்தோடு ஒட்டிய வேலைக்காலம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால் கேஜ் வீல் வேலை வந்து குவியும். சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற அந்த இரும்புக் கூண்டுச் சக்கரத்தில் போன வருடம் விட்டுப்போன பட்டைகளை எல்லாம் வைத்துக் கட்ட வேண்டும். தை, மாசியில் அறுவடை இயந்திரங்களின் உடைசல் வரும். பங்குனி கடைசியில்தான் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். "பங்குனி கழியட்டும் தம்பி, சாயந்திரம் ஒரு மணி நேரம் வாங்க, ஆனா முதல் பதினஞ்சு நாள் எதையும் செய்யணும்னு வராதீங்க, கோடு மட்டும் போடணும்" என்றார். அந்தப் பதினைந்து நாள்தான் எனக்கு இன்றைக்கும் சோறு போடுகிறது.

ஆனால் பங்குனி வரை எனக்குப் பொறுமை இல்லை. மாசியிலேயே ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டேன். 200 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, தோளில் மாட்டிக்கொண்டு போகிற எடை. அண்ணன் பட்டறையில் கிடக்கும் எண்ணெய் ஊற்றிய பழைய வெல்டிங் செட்டை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். வீட்டு வேலைக்கு இந்தச் சின்ன மெஷின் தாராளம். மெஷினோடு கையில் பிடிக்கிற ஒரு முகமூடியும் வந்தது, அதில் இருந்த கருப்புக் கண்ணாடி என்ன எண் (எண் கூடினால் கருப்பு கூடும்) என்று நான் பார்க்கவே இல்லை. ராடை, அதாவது உருகி இரும்போடு சேர்கிற அந்தப் பூச்சுக் கம்பியை, உரசும்போது எங்கே உரசுகிறோம் என்று தெரியாததால் முகமூடியை விலக்கிப் பார்த்து உரசுவது, பற்றினதும் டக்கென்று மறைப்பது, இப்படி ஒரு சாயந்திரம் முழுக்க ஐம்பது அறுபது தடவை செய்திருப்பேன். அப்போது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டுப் படுத்தேன். நள்ளிரவு தாண்டி இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல் எரிச்சல், தண்ணீராகக் கொட்டுகிறது, இமையைத் திறக்க முடியவில்லை. தாய்ப்பால் விடலாம், உருளைக்கிழங்கு வைத்துக் கட்டலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் எதையும் விடவில்லை, காலையில் கண் மருத்துவரிடம் போனேன். வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, வெயிலில் தோல் கருகுவது போல, அதனால்தான் வலி பல மணி நேரம் கழித்து வருகிறது என்று விளக்கினார். சொட்டு மருந்தில் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அடிக்கடி பட்டால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரத்துப்போகச் செய்கிற சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் வீட்டில் வைத்து அடிக்கடி விட்டுக்கொள்ளாதீர்கள், வலி தெரியாது, ஆனால் புண் ஆறாது.

அடுத்த நாளே தானாகக் கருக்கும் ஹெல்மெட் வாங்கினேன். புதிதாகப் பழகுகிறவர்கள் மெஷினில் கொஞ்சம் காசு மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒளி வருவதற்கு முன் தெளிவாகத் தெரியும், ராடு முனை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆரம்பிக்கலாம், பற்றினதும் அதுவே கருக்கும். கருக்குவதற்கு முன்னாலும் அந்தக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நான் செய்கிற 70, 80 ஆம்பியர் வேலைக்கு 10-ஆம் எண் கருப்பு சரியாக இருக்கிறது. சாதாரணக் கூலிங் கிளாஸ் எதற்கும் ஆகாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் விரட்டிவிடுங்கள், அவர்கள் கண்ணும் கண்தான். பட்டறை வாசலில் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னவர்கள் யாரோ எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். முதல் நாள் அண்ணன் ஒரு பழைய பட்டைத் துண்டைக் கொடுத்து, 2.5 மி.மீ. ராடை ஹோல்டரில் மாட்டி, சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து, அதன் மேல் போகச் சொன்னார். தீக்குச்சி உரசுவது போல் உரசி லேசாகத் தூக்க வேண்டும். நான் தூக்குவதற்குள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பதறி இழுக்காமல் மணிக்கட்டைத் திருப்பினால் விட்டுவிடும், அப்படியும் விடாவிட்டால் ஹோல்டரை அமுக்கி ராடை விடுவிக்க வேண்டும். ஒட்டாமல் இருக்க வேண்டும் என்று நான் ராடைத் தூரத்தில் பிடித்தேன். உடனே பொறி தெறித்து, படபடவென்று சத்தம் வந்தது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கமிருந்து சொன்னார், "கடுகு வெடிக்குது தம்பி, கிட்ட போங்க. வடை வேகுற சத்தம் வரணும்." ராடின் உள்கம்பி எவ்வளவு தடிமனோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இடைவெளி, 2.5 ராடு என்றால் இரண்டரை மில்லிமீட்டர். ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும், அதனால் கையை முன்னால் நகர்த்துவதோடு கீழேயும் இறக்கிக்கொண்டே போக வேண்டும். இந்த இரட்டை நகர்வுதான் கைக்கு வர நாளாகிறது. அதைக் கண்ணால் பிடிக்கப் பார்த்தபோது வரவில்லை, காதால் பிடித்தபோது வந்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, என் கோடு எல்லாம் மண்புழு ஊர்ந்த மாதிரி மேலே உருண்டு நிற்கிறதே என்று கேட்டேன். "நீங்க வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்றார். "வெளிச்சத்தைப் பார்க்காதீங்க தம்பி. அதுக்குக் கீழே, கொஞ்சம் பின்னாடி, இரும்பு உருகி நிக்கும் பாருங்க. வயல்ல மடையைத் திறந்துவிட்டா தண்ணி முனை எப்படிப் போவுதுன்னு பார்த்துக்கிட்டே போவோம்ல, அந்த மாதிரி அது எங்க பரவுதுன்னு பாருங்க."

அதுவரை நான் ஹெல்மெட்டுக்குள் ஒரு பச்சை நெருப்புப் புள்ளியைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அதன் பின்னால் பார்த்தேன். பளபளவென்று கண்ணாடி போல் ஒரு சின்னக் குளம், அதன் மேல் பின்பக்கமாக ஒரு மங்கலான ஆடை மிதந்து வருகிறது. பளபளப்பது இரும்பு, மங்கலாக மிதப்பது ஸ்லாக், ராடின் மேல்பூச்சு உருகி வந்த கசடு. அந்த ஆடைதான் ஆறுகிற இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது, ஆறினபின் சுத்தியால் தட்டிக் கம்பி பிரஷ் போட்டு எடுத்துவிட வேண்டும். ஆனால் அது முன்னால் ஓடி வந்துவிட்டால் இரும்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அந்த இடம் ஓட்டைப் பல் மாதிரிதான். ராடை நகர்த்துகிற பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அந்த ஆடை எப்போதும் பின்னாலேயே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் பாதி வெல்டிங் முடிந்தது. குளத்தின் இரண்டு கரையும் இரண்டு இரும்பையும் தொடுகிறதா, தொட்டுக் கரைகிறதா என்பது மீதிப் பாதி. இதற்கு அப்புறம் அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் இந்த ஒரு பார்வைக்கு உரம் போட்டது போலத்தான்.

இதைக் கற்றுக்கொண்டும் என் முதல் ஸ்டாண்டு உடைந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வைகாசியில் பழைய இரும்புக் கடையிலிருந்து 25 மி.மீ. ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்புச் சட்டம்) வாங்கி வந்தேன், மூன்று மில்லிமீட்டர் தடிமன். நாலு அடிக்கு மூன்று அடி சட்டம், நாலு கால். அளந்து வெட்டி, மூலைமட்டம் வைத்து, ஒரு மூலையை முழுதாகப் பற்றவைத்து முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனேன். நாலாவது மூலைக்கு வந்தபோது இரண்டு முனையும் சேரவில்லை. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கி, வைத்த பக்கமாக இழுத்துக்கொள்ளும். மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சட்டம் சாய்ந்துவிட்டது. சரியான முறை, எல்லா மூலையிலும் முதலில் சின்னதாகப் புள்ளி மட்டும் வைப்பது, பிறகு குறுக்கு மூலை அளப்பது. நாலுக்கு மூன்று சட்டத்துக்கு இரண்டு குறுக்களவும் சரியாக அஞ்சு அடி வர வேண்டும், எனக்கு முக்கால் அங்குலம் வித்தியாசம் வந்தது. புள்ளி மட்டும் இருக்கும்போது தட்டிச் சரிசெய்துவிடலாம். அப்புறம்தான் முழுதாக வைக்க வேண்டும், அதுவும் ஒரு மூலை, பிறகு எதிர் மூலை, பிறகு மறுபக்கம் என்று மாற்றி மாற்றி. நான் இழுத்துப் பிடித்துக் கயிறு கட்டி எப்படியோ ஒட்டவைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மூட்டையும் ஏற்றிவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு கால் முறிந்து சாய்ந்தது. நல்லவேளை பக்கத்தில் யாரும் இல்லை. முறிந்த காலை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவர் அந்த வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிக் காட்டினார். ஆங்கிளில் கிரைண்டர் (இரும்பு வெட்டித் தேய்க்கிற கை மெஷின்) வெட்டின கோடு அப்படியே இருக்கிறது! இரும்பு அங்கே உருகவே இல்லை. நான் வைத்தது அதன் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பிடிக்கவில்லை. காரணம் இரண்டு. ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் 60 ஆம்பியரிலேயே எல்லாவற்றையும் வைத்திருந்தேன், அந்தத் தடிமனுக்கு 80, 85 வேண்டும். இரண்டாவது, பழைய ஆங்கிளில் இருந்த பெயின்டையும் துருவையும் சரியாக எடுக்கவில்லை. சேர்கிற இடத்திலும், மெஷினின் இன்னொரு வயர் முனையில் இருக்கும் எர்த்து கிளாம்ப் இரும்பைக் கடிக்கிற இடத்திலும் இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை கிரைண்டர் போட வேண்டும். கிளாம்ப் பெயின்டைக் கடித்துக்கொண்டிருந்தால் மெஷினில் என்ன எண் காட்டினாலும் அந்தக் கரண்ட் முனைக்கு முழுதாக வந்து சேராது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வேலைக்கு முன்னாலும் அதே இரும்பில் இரண்டு துண்டை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வைத்து, வைஸில் பிடித்துச் சுத்தியால் மறுபக்கமாகச் சாய்த்து அடிப்பேன். வைத்த இடம் வளைந்து மடிந்தால் சரி. பட்டென்று பெயர்ந்தால் ஆம்பியரைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி. உடைத்த துண்டுகளில் தேதியையும் ஆம்பியரையும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். நான் கணக்கு எழுதுகிற ஆள், இந்த டப்பாவும் ஒரு கணக்குப் புத்தகம்தான். மேலே அழகாக வரி வரியாக வந்த வெல்டிங் உள்ளே பிடிக்காமல் இருந்ததையும், பார்க்கச் சுமாராக இருந்தது கல் போல் நின்றதையும் அதில்தான் பார்த்தேன்.

மெல்லிய ஸ்கொயர் பைப் வேறு கதை. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் 2 மி.மீ. ராடு, 50 ஆம்பியர் பக்கம், தொடர்ந்து ஓட்டாமல் தொட்டுத் தொட்டு எடுப்பது. டி.சி. மெஷின் என்றால் ராடு வயரையும் எர்த்து வயரையும் மாற்றிப் போட்டு ராடை மைனஸில் வைத்தால் உள்ளே ஏறுவது குறையும், ஓட்டை விழுவதும் குறையும். 6013 என்கிற வகை ராடு பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஓடும்.

நம் ஊருக்கென்று இருக்கிற சில ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது வைக்கோல். எல்லார் வீட்டுக் கொல்லையிலும் போர் இருக்கிறது, இல்லாவிட்டால் கீற்றுக் கொட்டகை இருக்கிறது. கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது, அதன் பொறி நாம் நினைக்கிற தூரத்துக்கு மேல் போய் விழும், விழுந்த இடத்தில் உடனே பற்றாமல் கனன்றுகொண்டே இருக்கும். நான் திறந்த களத்தில், காற்று போருக்கு எதிர்ப்பக்கம் அடிக்கும்போது மட்டும் செய்கிறேன், பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கிரைண்டரின் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், வட்டு உடைந்தால் அது முகத்தை நோக்கித்தான் வரும்.

இரண்டாவது ஈரம். மெஷின் சும்மா இருக்கும்போது ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த உடம்புக்கு அது சின்னதாகத் தெரியும். ஆனால் வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஈரக் களிமண்ணில் வெறுங்காலோடு நின்று ராடு மாற்றினால் அது சின்னது இல்லை. காய்ந்த பலகை மேல் நில்லுங்கள், காய்ந்த தோல் கையுறை, மூடின தோல் செருப்பு, பருத்திச் சட்டை. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து களத்துக்கு நான் முதலில் இழுத்தது மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், அதுவும் பாதி சுருளிலேயே கிடந்தது, தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. இப்போது 2.5 சதுர மி.மீ. வயர், முழுதாக விரித்துப் போட்டு, 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுக்கிறேன். சாயந்திரம் ஊரே மோட்டார் போடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கி நெருப்பு தூங்கி வழியும், அது நம் கைக்குறை இல்லை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது. காலை ஆறு மணிக்குச் செய்து பாருங்கள், அதே கை வேறு கையாக இருக்கும்.

ஈரம் ராடையும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் பிரித்துப் போட்ட பாக்கெட் நாலு நாளில் நமுத்துவிடும், பொறி தெறிக்கும், வைத்த இடத்தில் குண்டூசித் துளையாக விழும். அண்ணன் ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய குண்டு பல்பை எரியவிட்டு அதில் ராடை வைத்திருக்கிறார், நானும் அப்படியே செய்துகொண்டேன். 6013-க்கு இது போதும். 7018 போன்ற ராடுகளுக்கு முறையான அடுப்புச் சூடு வேண்டும், வீட்டு வேலைக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாவது ஜி.ஐ. பைப். பழைய தண்ணீர்க் குழாய் எல்லார் வீட்டிலும் கிடக்கும், அதைப் பற்றவைக்கத்தான் முதலில் ஆசை வரும். அதன் மேல் இருப்பது துத்தநாகம். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும், துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகி வெள்ளைப் புகையாக வந்துவிடும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல், உடம்பு வலி. பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், பால் நல்லதுதான், ஆனால் புகையை அது ஒன்றும் செய்யாது. சேருமிடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, புகை முகத்துக்கு வராத மாதிரி செய்யுங்கள். மருந்து டிரம், டீசல் டிரம், பெட்ரோல் டேங்க் எதையும் கழுவிவிட்டோம் என்று நம்பிப் பற்றவைக்காதீர்கள். அதை அண்ணனே செய்வதில்லை.

இரண்டாவது ஸ்டாண்டு ஆவணியில் முடிந்தது. புள்ளி வைத்து, குறுக்களவு பார்த்து, 85 ஆம்பியரில். அது இரண்டு வெள்ளம் போல வந்த மழையைப் பார்த்துவிட்டது, பதினோரு மூட்டை ஏறி நிற்கிறது, கீழே கையை விட்டால் காற்று ஓடுகிறது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கேஜ் வீலில் ஒரு பட்டை விட்டுவிட்டது, நீதான் வைக்கிறாயே வைத்துக்கொடு என்றார். நான் வைக்கவில்லை, பட்டறைக்கு அனுப்பினேன். வரப்பில் ஏறும்போது முழு டிராக்டரின் எடையும் அந்தப் பட்டையில் இறங்கும். ஆள் ஏறுகிற ஏணி, வண்டிக் கொக்கி, தூக்குகிற கொக்கி எதையும் இன்னும் தொடுவதில்லை.

இப்போது செங்குத்தாகக் கீழிருந்து மேலே வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். படுக்கையில் அடங்கி நிற்கிற குளம் இங்கே கீழே வழியப் பார்க்கிறது, ஆம்பியரைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு ஓரத்திலும் ஒரு நொடி நின்று, நடுவை வேகமாகக் கடந்து போக வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வைத்த நாலு அங்குலத்தில் கீழே இரண்டு அங்குலம் சுத்தியடிக்குப் பெயர்ந்தது, மேலே இரண்டு அங்குலம் மடிந்து நின்றது. 75 என்று எழுதி டப்பாவில் போட்டேன்.